ஷூலெஸ் ஜோ ஜாக்சனின் ஊருக்குப் போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்வில், பேஸ்பால் வரலாற்றில் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவரான ஜோ ஜாக்சன் வளர்ந்து, வாழ்ந்து, இறந்த ஊர். நான் போய் வந்ததிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும், சொல்லிவிட்டேன்.

யார் இந்த ஜோ ஜாக்சன்? இவ்வளவு தூரம் போய்ப் பார்க்கும் அளவுக்கு என்ன செய்துவிட்டார்?

1908 முதல் 1920 வரை அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் ஆடியவர். முதலில் பிலடெல்பியா, பிறகு கிளீவ்லாண்ட், கடைசியாக சிகாகோ வைட் சாக்ஸ். 1911-ல், முழு சீசன் ஆடிய முதல் ஆண்டிலேயே அவருடைய பேட்டிங் சராசரி .408 (இந்தக் கணக்கு என்னவென்று கீழே சொல்கிறேன்). அந்த ஆண்டு இன்னொரு பெரிய மட்டையாளரான டை காப் .420 அடித்துவிட்டதால் பட்டம் கைநழுவியது. பேப் ரூத் தன் மட்டை வீச்சை ஜாக்சனைப் பார்த்தே அமைத்துக்கொண்டதாகச் சொன்னவர்.

1919-ம் ஆண்டு வேர்ல்ட் சீரிஸில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரில், சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக வைட் சாக்ஸ் வீரர்கள் 8 பேர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர்களில் ஜாக்சனும் ஒருவர். 1921-ல் ஆயுள் முழுக்கத் தடை. திறமையின் உச்சியில் இருந்த ஆள் அதற்குப் பிறகு மேஜர் லீகில் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை.

கிரீன்வில்லுக்கு எப்படிப் போவது?

கிரீன்வில்-ஸ்பார்ட்டன்பர்க் விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. காரில் வருவதானால் 85-ம் எண் நெடுஞ்சாலைதான். அட்லாண்டாவிலிருந்து இரண்டரை மணி நேரம், சார்லட்டிலிருந்து அதைவிடக் குறைவு. ரயிலும் உண்டு, ஆனால் நடு இரவைத் தாண்டிய நேரத்தில் வந்து நிற்கும். ஊர் நடுவில் நடந்தே சுற்றலாம். மில் பகுதிக்கும் கல்லறைக்கும் கார் வேண்டும்.

முதலில் அருங்காட்சியகத்துக்குத்தானே போக வேண்டும்?

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். முதலில் பிராண்டன் மில்லுக்குப் போங்கள்.

ஊர் நடுவிலிருந்து மேற்கே சில நிமிடக் கார் பயணம். 1900-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட பஞ்சாலை அது, செங்கல்லில் எழுந்த பெரிய கட்டடம். இப்போது அதை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றிவிட்டார்கள். ஆகவே உள்ளே நுழைய முயலாதீர்கள், வெளியிலிருந்து பார்த்தால் போதும். சுற்றிலும் தெருக்களில் தொழிலாளர்களுக்கென்று கம்பெனி கட்டிக்கொடுத்த சிறு மர வீடுகள் இன்னும் நிற்கின்றன. மக்கள் குடியிருக்கும் வீடுகள், ஜன்னல் ஜன்னலாகப் படம் எடுக்க வேண்டாம்.

ஜாக்சன் ஆறேழு வயதிலேயே மில் வேலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடம் கிடையாது, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு பேஸ்பால் அணி இருந்தது, சனிக்கிழமைதோறும் மில்லுக்கு மில் போட்டி. தொழிலாளிகளை ஊரோடு கட்டிப்போட முதலாளிகளுக்கு அது நல்ல வழி. 13 வயதில் ஜாக்சன் பெரியவர்களின் அணியில் சேர்ந்துவிட்டார். அவர் அடிக்கும் ஹோம் ரன்களுக்கு ஊர்க்காரர்கள் ‘சனிக்கிழமை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருந்தார்களாம். பந்து வேலியைத் தாண்டியதும் தம்பிகள் தொப்பியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவார்கள், காசு விழும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு அவர் வாழ்க்கையில் நடந்த முக்கியமான விஷயங்களில் பெரும்பாலானவை இந்த மில்லில்தான் தொடங்குகின்றன. எழுதப் படிக்கத் தெரியாது. வெளியூர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுவிட்டு அதையே தனக்கும் சொல்வார். பிலடெல்பியா அணி அவரைக் கூப்பிட்டபோது பெரிய நகரம் ஒத்துக்கொள்ளாமல் ரயிலேறி ஊருக்கே திரும்பியிருக்கிறார், அதுவும் ஒரு முறை அல்ல. அணியின் மேலாளர் கானி மேக், பாடம் சொல்லித்தர ஆள் வைக்கிறேன் என்றார். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

மில்லுக்குப் பக்கத்தில் வெஸ்ட் அவென்யூவில் ஜாக்சன் பெயரில் ஒரு நினைவுப் பூங்காவும் ஆடுகளமும் இருக்கின்றன. மில் அணி ஆடிய இடம் அதுதான். பார்க்கப் பிரமாதமாக ஒன்றும் இருக்காது. கையுறையும் பந்தும் கொண்டுபோய் யாருடனாவது கொஞ்ச நேரம் வீசி விளையாடுங்கள்.

‘ஷூலெஸ்’ என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது? ஏழ்மையால் வெறுங்காலோடு ஆடினாரா?

இல்லை. 1908-ல் கிரீன்வில் ஸ்பின்னர்ஸ் என்ற உள்ளூர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். புது ஷூ கடித்துக் காலெல்லாம் கொப்புளம். ஒரு ஆட்டத்தில் வலி பொறுக்காமல் கழற்றிவிட்டுக் காலுறையோடு மட்டை பிடித்தார், பலமாக ஒன்று அடித்துவிட்டு ஓடினார். பார்வையாளர் ஒருவர் அதைக் கேலி செய்து கத்த, பத்திரிகைக்காரர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு ஆட்டம், அவ்வளவுதான். ஜாக்சனுக்கு அந்தப் பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை. படிக்காத பட்டிக்காட்டான் என்று குத்திக்காட்டுவதாகவே அவருக்குப் பட்டது. இன்று ஊரில் காணும் இடமெல்லாம் அந்தப் பெயர்தான்.

அருங்காட்சியகம் எப்படி இருக்கும்?

அவர் கடைசியாக வாழ்ந்த வீடுதான் அருங்காட்சியகம். சிறிய செங்கல் வீடு. அவர் உயிர் பிரிந்ததும் இங்கேதான். ஆனால் அது முதலில் இருந்த இடம் வேறு, ஈஸ்ட் வில்பர்ன் அவென்யூ. 2006-ல் வீட்டைப் பெயர்த்து ஃப்ளூவர் ஃபீல்ட் ஸ்டேடியத்துக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார்கள். 2008-ல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அனுமதி இலவசம். தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், எனவே திறந்திருக்கும் நேரம் குறைவு. கிளம்புவதற்கு முன்பே நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். படங்கள், ஆவணங்கள், புத்தகங்கள் என்று ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அங்கிருக்கும் வழிகாட்டியிடம் பேச்சுக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரம் போதாது. பேச்சுக் கொடுங்கள்.

வாசலில் இருக்கும் 356 என்ற எண்ணைப் படம் எடுக்கிறார்களே, ஏன்?

அருங்காட்சியகத்தின் கதவு எண் அது. ஜாக்சனின் வாழ்நாள் பேட்டிங் சராசரியும் .356. 4,981 முறை மட்டை பிடித்து 1,772 ஹிட். கிரிக்கெட் சராசரியை வைத்து இதை அளக்கக் கூடாது. இங்கே ஓட்டங்களை எண்ணுவதில்லை, ஆயிரம் வாய்ப்பில் 356 முறை பந்தை அடித்துப் பத்திரமாக பேஸுக்குப் போனார் என்று அர்த்தம். பத்தில் மூன்று முறை வென்றாலே நல்ல மட்டையாளர் என்று கொண்டாடும் விளையாட்டு இது. அந்தக் கணக்கில் .356 அபாரம்.

சிலை எங்கே இருக்கிறது?

ஸ்டேடியத்தின் முன்பக்கம், சாலை ஓரத்தில். டக் யங் என்ற சிற்பி செய்தது, 2002-ல் திறந்தார்கள். மட்டையை வீசி முடித்த நிலையில் நிற்கிறார் ஜாக்சன். அடிப்பீடத்தில் இருக்கும் செங்கற்களைக் கவனியுங்கள். சிகாகோவில் வைட் சாக்ஸ் ஆடிய பழைய காமிஸ்கி பார்க்கை இடித்தபோது எடுத்தவை. அந்த மைதானத்துக்குப் பெயர் தந்தவர் அணியின் முதலாளி சார்லஸ் காமிஸ்கி. ஜாக்சனுக்கு ஆண்டுக்கு 6,000 டாலர் கொடுத்தவர். அந்தத் தரத்தில் இருந்த ஆட்டக்காரருக்கு அது குறைவு. செங்கல்லை அங்கே வைத்தது பெருமைக்கா, குத்தலுக்கா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

‘பிளாக் பெட்சி’ மட்டையைப் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. சிறு வயதிலேயே உள்ளூர்க்காரர் ஒருவர் ஹிக்கரி மரத்தில் செய்துகொடுத்த, கறுப்பேற்றிய கனமான மட்டை அது. 2001-ல் ஈபே ஏலத்தில் 5,77,610 டாலருக்குப் போய்விட்டது.

அவருடைய கையெழுத்து இருக்கிறதா?

எழுதத் தெரியாதவரின் கையெழுத்து என்பதால்தான் அதற்கு அவ்வளவு விலை. ரசிகர்கள் கேட்டால் பெரும்பாலும் மனைவி கேட்டிதான் அவர் பெயரைப் போட்டுக்கொடுப்பார். ஜாக்சனே போட்டது என்றால் ஒப்பந்தம், அடமானம், உயில் போன்ற சட்டப் பத்திரங்களில்தான், அதுவும் எழுத்தை வரைவதுபோல. 1911-ல் அவர் கையெழுத்திட்ட ஒரு புகைப்படம் 2021-ல் ஏலத்தில் 14 லட்சத்து 70 ஆயிரம் டாலர் பெற்றது.

இதில் கிரீன்வில்லுக்கே உரிய ஒரு வழக்கு உண்டு. கேட்டி தன் சொத்தை இதயநோய், புற்றுநோய் தொடர்பான இரண்டு அறநிறுவனங்களுக்கு எழுதிவைத்திருந்தார். அரசு அலுவலகத்தில் இருக்கும் ஜாக்சனின் உயிலும் எங்களுக்கே சேர வேண்டும் என்று 1990-களில் அந்த நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அவர்களுக்கு வேண்டியிருந்தது அதிலிருந்த கையெழுத்து. மாநில உச்ச நீதிமன்றம், உயில் பொது ஆவணம், தர முடியாது என்றுவிட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரின் ஒரு கையெழுத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்!

சரி, நேராகவே கேட்கிறேன். அவர் குற்றவாளியா இல்லையா?

இதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை.

அவருக்கு எதிராக இருப்பது: 1920 செப்டம்பர் 28 அன்று சிகாகோவில் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழு) முன்னால் அவரே சாட்சி சொன்னார். 20,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள், 5,000 கைக்கு வந்தது என்றார். அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) லெஃப்டி வில்லியம்ஸ் ஓட்டல் அறைக்குக் கொண்டுவந்து கொடுத்த பணம். அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆதரவாக இருப்பது: அந்தத் தொடரில் அவர் சராசரி .375. இரு அணிகளிலும் சேர்த்து அதிக ஹிட் அவருடையதுதான், 12. தொடரின் ஒரே ஹோம் ரன்னும் அவர் அடித்தது. ஃபீல்டிங்கில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. பணம் வாங்கியதை ஒப்புக்கொண்ட அதே சாட்சியத்தில், ஜெயிக்கத்தான் ஆடினேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

எண்களைத் தூக்கிப் பிடிப்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுவார்கள். அந்த ஹோம் ரன் கடைசி ஆட்டத்தில், வைட் சாக்ஸ் 5-0 என்று பின்தங்கியிருந்தபோது வந்தது. எந்த ஹிட் எந்த நேரத்தில் வந்தது என்று பிரித்துப் பார்த்தால் படம் கொஞ்சம் மங்கலாகிறது.

1921 ஆகஸ்ட் 2 அன்று நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. மறுநாளே பேஸ்பாலை நிர்வகிக்கும் கமிஷனர் கெனெசா மவுண்டன் லாண்டிஸ், நீதிமன்றம் என்ன சொன்னாலும் சரி, இவர்கள் இனி ஆட முடியாது என்று அறிவித்துவிட்டார். சம்பளப் பாக்கி கேட்டு ஜாக்சன் வைட் சாக்ஸ் மீது போட்ட வழக்கு 1924-ல் மில்வாக்கியில் விசாரணைக்கு வந்தது. 1920-ல் தன்னிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தில், நினைத்தபோது வேலையை விட்டு அனுப்பும் விதியை நீக்கிவிட்டதாகச் சொல்லி ஏமாற்றினார்கள் என்பது அவர் வாதம். படிக்கத் தெரியாதவர், நம்பிப் போட்டார். ஜூரி அவர் பக்கம் சாய்ந்து சுமார் 16,700 டாலர் தரச் சொன்னது. ஆனால் பழைய கிராண்ட் ஜூரி வாக்குமூலத்துக்கு மாறாகப் பேசினார் என்று நீதிபதி தீர்ப்பையே ரத்து செய்துவிட்டார்.

என் கருத்து? பணம் வாங்கினார். அது தப்பு, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் சதியைத் திட்டமிட்டவர் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஊர்க்காரர்களிடம் இந்த விவாதத்தைத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. பெரும்பாலானவர்கள் அவர் பக்கம்தான். ‘சொல்லு ஜோ, இது உண்மையில்லைதானே’ என்று ஒரு சிறுவன் அழுதுகொண்டே கேட்டான் என்ற கதையை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஜாக்சனே மறுத்திருக்கிறார்.

2025-ல் தடை நீங்கியதே, ஊரில் என்ன மாறியது?

2025 மே 13 அன்று கமிஷனர் ராப் மான்ஃப்ரெட், நிரந்தரத் தடை ஆள் இறந்ததும் முடிந்துவிடும் என்று முடிவு செய்தார். சூதாட்டத்துக்காகத் தடை பெற்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரர் பீட் ரோஸ், ஜாக்சன் உட்பட இறந்துபோன 17 பேரின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கின. இது மன்னிப்பும் அல்ல, நிரபராதி என்ற தீர்ப்பும் அல்ல. பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களுக்கு இடம் தரும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு இனி ஜாக்சன் பெயரைப் பரிசீலிக்கலாம், அவ்வளவே. அதற்குரிய குழு 2027 டிசம்பரில் கூடும், 16 பேரில் 12 பேர் வாக்களிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஊருக்குப் போக நினைப்பவர்கள் அறையை முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

தென் கரோலினா சட்டமன்றம் தடையை நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது 1951-ல். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

தடைக்குப் பிறகு பிழைப்புக்கு என்ன செய்தார்?

கதைகளில் வருவதுபோல் நொடிந்துபோய்க் கிடக்கவில்லை. ஜார்ஜியாவின் சவானாவில் சலவைக் கடை நடத்தினார், நன்றாகவே ஓடியது. 1930-களில் கிரீன்வில்லுக்குத் திரும்பி ஒரு பார்பிக்யூ கடை, பிறகு பெண்டில்டன் தெருவில் மதுக்கடை. அக்கம்பக்கத்துப் பையன்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார்.

அந்தக் கடையைப் பற்றி ஒரு கதை பல விதமாகச் சொல்லப்படுகிறது. ஒரு நாள் டை காப் கடைக்குள் வந்தார். ஜாக்சன் தெரிந்தவர்போல் காட்டிக்கொள்ளவே இல்லை. என்ன ஜோ, என்னைத் தெரியவில்லையா என்று காப் கேட்க, தெரியாமல் என்ன, நீங்கள்தான் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள விரும்ப மாட்டீர்கள் என்று நினைத்தேன், பலர் அப்படித்தானே என்றாராம்.

1951 டிசம்பரில் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்ற ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு, 5-ம் தேதி, மாரடைப்பில் இறந்துவிட்டார்.

கல்லறை?

உட்லான் மெமோரியல் பார்க், வேட் ஹாம்ப்டன் சாலையில், பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிரே. தரையோடு தரையாகப் பதித்த எளிய பலகை, பக்கத்தில் கேட்டி. பலகை சிறியது, அலுவலகத்தில் கேட்டால் வழி காட்டுவார்கள். பந்துகளும் பழைய ஷூக்களும் கிடந்தால் அங்கேதான். ரசிகர்கள் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அவர் பிறந்த ஆண்டு ஏட்டுக்கு ஏடு மாறும். 1887 என்பதையே இப்போது பெரும்பாலும் ஏற்கிறார்கள்.

‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ சினிமாவில் அவர் சோளக்காட்டுக்குள்ளிருந்து வருவாரே, அந்தக் காடு இங்கேதானே?

இல்லை இல்லை. அது அயோவா மாநிலத்தின் டயர்ஸ்வில், பல மாநிலங்கள் தள்ளி. ஜாக்சனுக்கும் அந்த ஊருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தப் படத்தில் வலது கையால் மட்டை பிடிப்பார், நிஜ ஜாக்சன் இடது கை மட்டையாளர்.

எப்போது போகலாம், எத்தனை நாள் வேண்டும்?

ஏப்ரல் முதல் செப்டம்பர் முற்பகுதி வரை பேஸ்பால் பருவம். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் வாட்டும், ஏப்ரல் அல்லது மே நல்லது. ஒரு சனி, ஞாயிறு போதும். மாலையில் ஃப்ளூவர் ஃபீல்டில் கிரீன்வில் டிரைவ் அணியின் ஆட்டம் இருந்தால் விடாதீர்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸின் கீழ்நிலை அணி அது, அதனால் பாஸ்டனில் இருக்கும் பிரபலமான பச்சைச் சுவரை இங்கேயும் சற்றுச் சிறிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

பகலில் நேரம் இருந்தால் ஊர் நடுவிலேயே ரீடி ஆற்றின் அருவி, அதன் மேல் வளைந்து போகும் லிபர்ட்டி நடைபாலம். அங்கிருந்து ஸ்டேடியம் நடக்கும் தூரம்தான். பேஸ்பால் பிடிக்காத குடும்பத்தினரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் அருங்காட்சியகத்துக்கு நழுவலாம். அப்புறம், சாலையோரம் எங்கேயாவது வேகவைத்த வேர்க்கடலை விற்றால் வாங்குங்கள். தென் கரோலினாவின் அதிகாரபூர்வ மாநிலத் தின்பண்டமே அதுதான், நமக்குப் பழகிய ருசி.

இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது. பக்கத்தில் வேறு என்ன?

அட்லாண்டாவுக்குத் திரும்பும் வழியில் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் விலகினால் ஜார்ஜியாவின் ராய்ஸ்டன். மேலே சொன்ன டை காப் வளர்ந்த ஊர், அவருக்கும் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் கிரீன்வில்லின் தன்னார்வலர்கள்போல ஆளுக்காகச் சண்டைபோடும் பாசத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். காப்புக்கு எல்லாக் கௌரவமும் 1936-லேயே கிடைத்துவிட்டது, ஹால் ஆஃப் ஃபேமின் முதல் தேர்வில் அதிக வாக்கு வாங்கியவரே அவர்தான். திங்கட்கிழமையை நம்பிப் போகாமல், திறந்திருக்கும் நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.